உண்மைக்கு நாலு காலம்

மனித குலம் முன்னேறியது சக்கரத்தால் என்கிறார்கள் சிலர். நெருப்பால் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் கத்தரிக்கோலை மறந்தது நன்றிகெட்ட செயல். சக்கரம் ஒரு மனிதனை வேறு ஊருக்குத்தான் கொண்டுபோகும். கத்தரிக்கோல் அவனை நின்ற இடத்திலேயே வேறு ஆளாக்கிவிடும். கல்யாண குரூப் ஃபோட்டோவில் ஓரமாக முறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவை வெட்டி எடுத்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் சண்டையே நடந்ததில்லை.

இந்தப் பேருண்மையை உணர்ந்து தொண்டாற்றியவர் எங்கள் நாளிதழின் பக்க வடிவமைப்பாளர். வருகிற படங்களை இருக்கிற இடத்துக்குத் தக்கபடி நறுக்கிப் பொருத்துவது அவர் வேலை. கத்தரிக்கோல் போய்க் கணினி வந்து வெகு நாளாகியும் ஆபீசில் அவர் பெயர் 'கத்தரி'தான். காய்கறிக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் மனைவிகூட அவருடைய போன் நம்பரைக் 'கத்தரி' என்றுதான் பதிந்து வைத்திருந்தாள். பேச்சைப் பாதியில் வெட்டுவதால் என்பது அவள் தரப்பு விளக்கம்.

ஒரு சொல்லை இங்கே விளக்கிவிட வேண்டும். பத்திரிகை ஆபீசில் 'காலம்' என்பது கடிகாரத்தில் ஓடுவதல்ல. பக்கத்தை மேலிருந்து கீழாக எட்டுப் பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பட்டையின் அகலம் ஒரு காலம். அமைச்சர் பேசினால் மூன்று காலம். அமைச்சர் பேசாமல் இருந்தால் அது பெரிய செய்தி, நான்கு காலம். மெத்தைக் கடை விளம்பரம் வந்தால் எத்தனை காலம் கேட்டாலும் கொடுத்துவிட்டு, மீதியில் உலக நடப்பை அடக்க வேண்டும்.

படம் ஒன்று வந்தால் அதில் யார் இருக்கிறார்கள் என்று கத்தரி பார்ப்பதில்லை. எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். இதற்குத் 'தொழில்முறைப் பற்றின்மை' என்று அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார். ஞானிகள் காடு மேடெல்லாம் அலைந்து அடைகிற நிலை அது. அவருக்கு மாதச் சம்பளத்தோடு கிடைத்தது.

அப்போது ஊருக்கு வெளியே வெளிநாட்டுப் படை ஒன்று முகாம் போட்டிருந்தது. வெள்ளத்தில் போன பாலத்தைக் கட்டித் தர வந்தவர்கள். நாம் அழைத்துத்தான் வந்தார்கள் என்றது ஆளும் கட்சி. அழைத்த குரலில் தெம்பில்லை என்றது எதிர்க்கட்சி. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லாமலில்லை. லாரியைச் சந்தைத் தெருவின் குறுக்கே நிறுத்திவிட்டு ஓட்டுநர் பாட்டுக்கு சிகரெட் பிடிக்கப் போய்விடுவார். விளையாட்டு மைதானத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்டதால் பிள்ளைகள் ரோட்டில் பந்து உதைத்தன. பாலமும் பாதியில் நின்றது. இதையெல்லாம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் குறுக்கே நிற்கும் லாரிக்கு முகவெட்டு போதாது, படத்தில் எடுபடாது. எடுபடாத குறையை எங்கள் பத்திரிகை குறையாக ஏற்றுக்கொள்வதில்லை.

கத்தரிக்கு ஓர் அக்கா உண்டு. நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். மாடியில் அவள் குடும்பம், கீழே தம்பியின் குடும்பம். அந்த வருடம் ஆற்றங்கரைத் தெருக்களில் கொசுக்காய்ச்சல் தலைதூக்கியிருந்தது. அவர்கள் வீடும் ஆற்றங்கரைத் தெருவில்தான் இருந்தது. நகராட்சியிடம் கொசுப்புகை அடிக்கும் மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கே நெடுநாளாக உடம்பு சரியில்லை. முகாமிலோ புத்தம்புது மெஷின்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா முகாம் வாசலில் பழியாகக் கிடந்து, அங்கிருந்த மொழிபெயர்ப்பாளரைக் கெஞ்சியும் மிரட்டியும், கடைசியில் தளபதியைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். மழைக்காலம் முடியும்வரை வாராவாரம் சிப்பாய்களே வந்து தெருத்தெருவாகப் புகை அடித்துத் தருவார்கள். நடுவில் ஒரு வாரம் விட்டாலும் கொசு மறுபடி பொரித்துவிடும், அப்புறம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான் என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புகை அடிக்கத் தொடங்கும் நாளில் ஓர் ஊர்வலம் வைத்தாள். காலையில் தம்பி சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"ஃபோட்டோ எடுக்க ஆள் அனுப்புடா."

"அனுப்பறேன்க்கா."

"எதுக்கு ஊர்வலம்னு சொல்லு பார்ப்போம்."

"ஏதோ சுகாதாரம்னு சொன்னியே."

"கொசு ஒழிப்புடா."

"அதான்க்கா. கொசு சுகாதாரம்."

ஆபீசுக்குப் போனதும் புகைப்படக்காரரை அனுப்பினார். அனுப்பிய கையோடு மறந்தும் போனார்.

மதியத்துக்கு மேல் புகைப்படக்காரர் ஆசிரியருக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். "சார், இங்க சிப்பாய்ங்க புகை அடிக்கிறாங்க சார். சனம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. படம் அனுப்பிட்டேன், நான் அப்படியே வீட்டுக்குப்…" என்பதற்குள் அவர் போன் உயிரை விட்டது. உலகத்தின் பெரிய போர்கள் இதைவிடக் குறைந்த தகவலில் தொடங்கியிருக்கின்றன. ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

படம் அகலமான படம். இடது பாதியில் நகராட்சி வேன், அதன்மேல் ஒலிபெருக்கி, கைதட்டிச் சிரிக்கும் பிள்ளைகள். வலது பாதியில் முகமூடி மாட்டிய ஒரு வெளிநாட்டுச் சிப்பாய், அவன் கையில் நீண்ட குழாய், குழாயின் வாயில் குப்பென்று புகை. புகைக்கு முன்னால் ஒரு பெண் முழங்கையால் முகத்தை மறைத்து, உடம்பு வில்லாக வளைந்து, வாய் கோணி நிற்கிறாள். இரண்டு பாதிக்கும் குறுக்காக ஒரு துணிப் பதாகை: 'கொசுவே, வெளியேறு!' அதன் வலதுபக்கக் கம்பு அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

"எத்தனை காலம் சார்?" என்றார் கத்தரி.

"நாலு காலம். இரு, இரு. மெத்தைக்கடைக்காரர் இன்னும் ரெண்டு காலம் கேட்டிருக்கார். ரெண்டாப் பண்ணிடு."

நான்கு காலப் படத்தை இரண்டு காலமாக்குவதென்றால் பாதி உலகத்தை இல்லையென்று அறிவிக்க வேண்டும். கத்தரி இம்மாதிரி அறிவிப்புகளுக்கு அஞ்சாதவர்.

"கைதட்டற பிள்ளைங்களை வச்சுக்கலாமா சார்?"

"வேணாம். சோகப் படத்துல யாராவது கைதட்டினா வாசகன் குழம்பிடுவான்."

எங்கே வெட்டினால் எழுத்து நசுங்காது என்று மட்டும் கத்தரி பார்த்தார். 'கொசுவே' என்ற சொல்லுக்கும் 'வெளியேறு' என்ற சொல்லுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. வெட்டு அங்கே விழுந்தது. ஓர் எழுத்துக்குக்கூடச் சேதமில்லை. ஆசிரியர் நின்றபடியே படவிளக்கம் சொன்னார்: "நச்சுப்புகை ஆயுதத்துடன் பாயும் அந்நியச் சிப்பாய். கண்ணீரிலும் கலங்காத வீரமங்கை. எழுதிட்டியா? 'அந்நிய'த்தைத் தடிமனாப் போடு."

மறுநாள் ஊர் பற்றிக்கொண்டது. அதுவரை லாரியைச் சுற்றிக்கொண்டு முணுமுணுப்போடு போனவர்கள், இப்போது முகாம் வாசலுக்கு நேரே போய்க் கத்தினார்கள். எங்கள் பத்திரிகையின் இலக்கணமும் பொங்கி எழுந்தது. முந்தின நாள் வரை வெளிநாட்டு வீரர் 'வந்தார்'. படம் வந்த அன்று சிப்பாய் 'வந்தான்'. அதற்கு மறுநாள் கும்பல் 'வந்தது'. ஒரு குண்டு வெடிக்காமல், ஓர் உயிர் போகாமல், ஒரு ராணுவத்தையே அஃறிணையாக்கிக் காட்டினோம். வேறெந்த வல்லரசு இதைச் செய்திருக்கிறது?

படம் வந்த அன்று கத்தரி முடிவெட்டிக்கொள்ளப் போனார். முடிதிருத்தும் கடையில் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தார்கள்.

"அந்தச் சிப்பாய் கண்ணைப் பார்த்தீங்களா? எவ்வளவு கொடூரம்" என்றார் காத்திருந்த ஒருவர்.

"முகமூடி போட்டிருக்கானே, கண்ணு எங்க தெரியுது?" என்றார் இன்னொருவர்.

"அதைத்தான் சொல்றேன். கண்ணைக் காட்டக்கூடத் தைரியம் இல்லாதவன்."

கத்தரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்தில் துணியும் கன்னத்தில் சோப்பு நுரையுமாகத் திரும்பி, "அந்தப் படத்தை வெட்டினது நான்தான்" என்றார். கடைக்காரர் கையில் கத்தியோடு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தொழில்காரருக்குத் தொழில்காரர் தரும் மரியாதையோடு, "சுத்தமான வெட்டு சார், பிசிறே இல்ல" என்றார். கத்தரியின் வாழ்க்கையில் உச்சக்கட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த நாற்காலிதான்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்திரிகை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்தப் பொம்பளை யாருடா?"

"போராட்டக்காரிக்கா. வீரமங்கை."

"கால்ல பாரு."

பார்த்தார். செருப்பு வார் அறுந்து, அதில் ஊக்கு மாட்டியிருந்தது. அந்த ஊக்கைப் போன வாரம் மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். கத்தரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ அழுதியாக்கா?" என்றார் மெதுவாக.

"தும்மினேன்டா. புகை மூக்குல ஏறினா தும்மாம என்ன பண்ணுவாங்க? அந்தப் பையன் உடனே மெஷினை நிறுத்திட்டு, அவன் மொழியில மன்னிப்பு வேற கேட்டான். இன்னிக்கு முகாம்லேருந்து சொல்லிட்டாங்க, நிலைமை சரியாகறவரைக்கும் புகை அடிக்க ஆள் வராதாம். நேத்து ஒரு தெருதான் முடிஞ்சிருக்கு. கடைசித் தெருவுல ஏற்கெனவே நாலு பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். உன் பொண்ணு இந்தத் தெருவுல தானடா விளையாடுது?"

கத்தரி வாசலைப் பார்த்தார். அவர் மகள் சாக்கடை ஓரத்தில் குந்தி, தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய முதல் பக்கத்தைக் கிழித்துச் செய்த கப்பல். ஓடிப்போய்த் தூக்கி உள்ளே கொண்டுவந்து விட்டார்.

"முழுப் படத்தைப் போடுடா. அதுல எல்லாம் இருக்கு. போட்டா நாளைக்கே வந்து அடிப்பாங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள் அக்கா. கத்தரி மறுபடி ஆபீசுக்குக் கிளம்பினார்.

ஆசிரியர் பாராட்டுக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அது போராட்டம் இல்ல சார். கொசு ஊர்வலம். அந்த வீரமங்கை எங்க அக்கா."

"அப்படியா? பேட்டி எடுத்துடலாமே."

"தும்மினாங்களாம் சார்."

"தும்மலை நான் கேவலமா நினைக்கலைய்யா. எந்த எழுச்சிக்கும் ஒரு தொடக்கம் வேணும்."

"முழுப் படத்தையும் போட்டுட்டா நல்லது சார்."

"அதுக்கு எத்தனை காலம் வேணும்?"

"நாலு சார்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பாரு, உண்மைக்கு நாலு காலம் வேணும்ங்கற. நம்மகிட்ட ரெண்டு காலம்தான் இருக்கு. நான் என்ன வச்சுக்கிட்டா இல்லைங்கறேன்?"

"மெத்தை விளம்பரத்தை ஒரே ஒரு நாள் தள்ளி வச்சா…"

"மெத்தை நம்மளைத் தாங்குது. உண்மை தாங்குமா?"

"அந்தச் சிப்பாய் பாவம் சார். அவன்மேல தப்பே இல்ல."

"அவன் நம்ம பேப்பர் வாங்கறானா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

கத்தரி அன்று வழக்கத்துக்கு மாறாக நகராமல் நின்றார். மகள் முகம் கண்முன் நின்றதால் அவரால் நகர முடியவில்லை. எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் எதிரில் நிற்பதைப் பொறுப்பது? ஆசிரியர் இறங்கி வந்தார். உள்பக்கத்தில், வானிலைக்குக் கீழே, ஒரு காலத்தில் ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளலாம். படம் கூடாது. நான்கு வரிக்குமேல் போகக் கூடாது. பிறர் எழுதியதை வெட்டியே பழகிய கத்தரி, வாழ்வில் முதல் முறையாகத் தாமே எழுதினார்:

'திருத்தம்: முதல் பக்கப் படத்தில் "வெளியேறு" என்பதற்கு முன்னால் இருந்த "கொசுவே" என்ற சொல் இட நெருக்கடியால் விடுபட்டது. வாசகர்கள் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.'

இதில் ஒரு பொய் உண்டா? வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

வாசகர்கள் சேர்த்துப் படித்தார்கள்.

எங்கள் பத்திரிகையின் துணிச்சலை ஊரே மெச்சியது. சும்மா 'வெளியேறு' என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஒரு வல்லரசின் படையை நேருக்கு நேராகக் 'கொசுவே' என்று கூப்பிட்டவர்கள் உண்டா? அதையும் திருத்தம் என்ற பெயரில், வானிலைக்குக் கீழே, என்ன ஒரு நயம். இரத்தம் உறிஞ்சுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியுமா என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதினார். அதற்கு மட்டும் எப்படியோ மூன்று காலம் கிடைத்தது. சாயங்காலம் முகாம் வாசலில் கூட்டம் இரட்டிப்பானது. கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்கள் உதட்டை மூடிக்கொண்டு 'ங்ஙொய்' என்று ரீங்காரம் செய்தார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து செய்யும் ரீங்காரம் கேட்பதற்கு உண்மையிலேயே கிலியாக இருந்தது.

அடுத்த நாள் முகாமின் மொழிபெயர்ப்பாளர் ஆபீசுக்குப் போன் செய்தார். திருத்தம் எழுதியவர் என்பதால் போனைக் கத்தரியின் தலையில் கட்டினோம்.

"தளபதி ஒரு விளக்கம் கேக்கறார். 'கொசு'ங்கறது உங்க மொழியில மரியாதையான சொல்லா?"

"இல்லைங்க, அது பூச்சி."

"தளபதியும் அதைத்தான் சந்தேகப்பட்டார்."

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. அது நிஜக் கொசுவைச் சொன்னது."

"அப்ப நாங்க போலிக் கொசுவா?"

கத்தரி வியர்த்துப்போனார். "இல்லைங்க, கொசுவை விரட்டத்தான் நீங்க வந்தீங்க. நாங்க கொசுவை வெளியேறச் சொன்னோம். கொசு வெளியேறல. நீங்க…"

"நாங்க வெளியேறணும். புரியுது, சொல்லிடறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

'வெளியேறு' என்பதை அந்தப் படை பல நாடுகளில் பல மொழிகளில் கேட்டிருக்கிறது. அதற்கெல்லாம் அவர்கள் காது பழகியிருந்தது. பூச்சி என்று யாரும் சொன்னதில்லை. அவர்களுடைய நாட்டிலும் பத்திரிகைகள் இருந்தன, அங்கேயும் ஒரு கத்தரி இருந்தார். அதே படத்துக்கு அந்தக் கத்தரிக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலம். அவர் அக்காவை வெட்டினார், குழாயை வெட்டினார், புகையையும் சிப்பாயையும் மட்டும் வைத்துக்கொண்டார். 'நன்றிகெட்ட ஊரில் கலவரப் புகையில் சிக்கித் தவிக்கும் நம் வீரர்' என்று படவிளக்கம். இங்கே வில்லன், அங்கே தியாகி. நடுவில் அந்தச் சிப்பாய்ப் பையனை விசாரணைக்கென்று சொந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தும்மலுக்கு மன்னிப்புக் கேட்ட கதையை அவன் எந்த அதிகாரியிடம் சொல்லி, எவர் நம்பியிருப்பார்?

அக்கா விடவில்லை. புகைப்படக்காரரிடம் முழுப் படத்தை வாங்கிப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனாள். கூடவே கத்தரியையும் இழுத்துக்கொண்டு போனாள். முன்வரிசையில் ரீங்காரம் செய்துகொண்டிருந்த ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது போலிப் படம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"உண்மையான படம் பேப்பர்ல வந்துச்சு. பாதிதான் இருந்துச்சு. நீங்க பக்கத்துல என்னத்தையோ ஒட்டவச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"இதுல இருக்கறது நான்தாங்க."

அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த அம்மா கண்ணீரோட நிக்கறாங்க. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"நான் தும்மினேன்."

"வீரமங்கை தும்ம மாட்டாங்கம்மா. அவங்க பேரைக் கெடுக்காதீங்க."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லுடா என்றது அந்தப் பார்வை. கத்தரி வாயைத் திறந்தார். "இந்தப் படத்தை வெட்டினது நான்தான்" என்று கம்மிய குரலில் சொன்னார். மறுகணம் கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. தோள்மேல் உட்கார்ந்தபடி அவர் "அப்படியில்லைங்க, கேளுங்க" என்று இரண்டு கையையும் ஆட்டினார். கீழே இருந்தவர்கள் தாங்களும் கையை ஆட்டினார்கள். முழு உண்மையைச் சொல்லத் தோதான இடம் இன்னொருவர் தோள் அல்ல என்பது அவருக்கு அங்கே விளங்கியது.

அந்த வார முடிவில் படை கிளம்பியது. பாலம் அதே பாதியில் நின்றது. லாரிகள் வரிசையாக வெளியே வந்தபோது அக்கா மொழிபெயர்ப்பாளரின் வண்டிப் பக்கமாக ஓடினாள்.

"புகை மெஷினையாவது விட்டுட்டுப் போங்க. ரெண்டே ரெண்டு போதும்."

அவர் நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "முடியாதும்மா. அது ஆயுதம். ஆயுதத்தைப் பொதுமக்கள்கிட்ட விட்டுட்டுப் போக விதி இடம் கொடுக்கல."

"அது கொசு அடிக்கற மெஷின்ங்க."

"நாங்களும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம். உங்க பேப்பர்லதான் நச்சுப்புகை ஆயுதம்னு போட்டிருந்தாங்க. எங்க ஊர்லேருந்து கேள்வி வந்து, பட்டியலை மாத்திட்டாங்க."

அன்று எங்கள் ஆபீசில் கேக் வெட்டினோம். வெட்டும் மரியாதையைக் கத்தரிக்கே கொடுத்தோம். இரண்டு பத்தி எழுத்தும் ஒரு படமும் ஒரு படையைத் துரத்திய வரலாறு வேறு எந்த ஊருக்கு உண்டு என்று ஆசிரியர் பேசினார். கத்தரி தம் பங்குத் துண்டைக் காகிதத்தில் மடித்து மகளுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோனார். அவள் வேண்டாம் என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

மழை நின்று வெயிலடித்த அந்த நாட்களில் ஆற்றங்கரைத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். கொசு மட்டும் எந்தக் கோஷத்துக்கும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் போட்டார்கள். கத்தரியின் மகளுக்குச் சன்னலோரம் ஒரு கட்டில் கிடைத்தது, அக்கா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது. குளுக்கோஸ் பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குக் கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. கத்தரி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் முந்தின நாள் சாயங்காலம் போய்விட்டான், வீட்டுக்கு அல்ல. அவன் அம்மா விட்டுச்சென்ற பால் புட்டி இன்னும் சன்னலில் இருந்தது. அதைப் பார்க்கவும் முடியாமல், அதிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியாமல் அவர் நின்றார். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இதில் எதை வெட்டி எறிவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் புகைப்படக்காரர் வார்டுக்கு வந்தார். எங்கள் பத்திரிகை மக்களின் துயரத்தை என்றும் கைவிட்டதில்லை. அகலமாக ஒரு படம் எடுக்க வாசல் பக்கம் நின்றவர், கேமராவை இறக்கிவிட்டுத் தயங்கினார்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கறீங்களா? படத்துல விழறீங்க."

கத்தரி பழக்க தோஷத்தில் நகரப் போனார். மகளுக்கு நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள்.

"அவன் விழட்டும். இந்தப் படத்துல வேற யாரு இல்லாட்டியும் அவன் இருக்கணும்."

புகைப்படக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மகளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தாள். கத்தரி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதார். அக்கா வெளியே போய்த் தேநீரும் எங்கள் பத்திரிகையும் வாங்கி வந்தாள்.

முதல் பக்கத்தில் வார்டு படம். கத்தரி விடுப்பில் இருந்ததால் அதை ஆசிரியரே வெட்டியிருந்தார். அன்றும் மெத்தை விளம்பரம் இருந்தது. கிடைத்தது இரண்டு காலம். சன்னல் போயிருந்தது, அக்கா போயிருந்தாள், கத்தரியின் முகமும் உடம்பும் போயிருந்தன. கண் மூடிக் கிடக்கும் ஒரு பெண்குழந்தையும், தரையில் இன்னும் சில பிள்ளைகளும், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு கையும் மட்டும் மிஞ்சியிருந்தன. மணிக்கட்டோடு வெட்டிய அந்தக் கைக்குக் கீழே தடிமனான எழுத்தில் படவிளக்கம்: 'அந்நியப் படை போன பின்னும் ஓயாத அவலம். இதற்குப் பின்னால் இருப்பது யாருடைய கை?'

அக்கா வாசித்தாள். கட்டில் கம்பிமேல் இருந்த தம்பியின் கையைப் பார்த்தாள். பத்திரிகையை மடித்து அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

"முதல் தடவையா உங்க பேப்பர்ல படமும் சரி, எழுத்தும் சரி, ரெண்டும் பொருந்தி வந்திருக்குடா" என்றாள்.